சேத்தக்: அன்றும் இன்றும்

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தம் பழகிப்போன ஒன்று. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் அடியில் மூன்று சக்கரமுமாக ஒரு சின்ன ஹெலிகாப்டர் தாழ்வாக வட்டமடிக்கும். அதுதான் சேத்தக். கடற்படை ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. அங்கே பழகும் இளைஞர்களில் பலருடைய அப்பாக்கள் பிறப்பதற்கு முன்பே இந்த ரகம் இந்தியாவுக்கு வந்துவிட்டது.

பிறந்த இடம் பிரான்ஸ். சுத் ஏவியேஷன் நிறுவனத்தின் 'அலூவெத்-3' முதன்முதலில் பறந்தது 1959 பிப்ரவரியில். அடுத்த ஆண்டே ஏழு பேரை ஏற்றிக்கொண்டு 4,810 மீட்டர் உயர மோன் பிளாங்க் சிகரத்தில் இறங்கி ஏறிக் காட்டியது. அதே 1960 நவம்பரில் இமயமலைக்கே கொண்டுவந்து, இமாசலத்தின் தியோ திப்பாவில் சுமார் 6,000 மீட்டர் உயரத்தில், இரண்டு விமானிகளோடும் 250 கிலோ சுமையோடும் இறக்கினார்கள். மலை எல்லையைக் காக்க வேண்டிய ஒரு நாட்டுக்கு இதைவிட நல்ல விளம்பரம் எது? 1962இல் அதை இங்கேயே தயாரிப்பதற்கான உரிம ஒப்பந்தம் கையெழுத்தானது. பெங்களூரு ஹெச்.ஏ.எல். ஆலையில் பூட்டிய முதல் ஹெலிகாப்டர் 1965இல் பறந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இதன் பலம் என்ஜினில் இருக்கிறது. இதில் உள்ள ஆர்த்தூஸ்த் டர்பைன் 870 குதிரைத்திறன் தரக்கூடியது. ஆனால் தரைமட்டத்தில் 570க்கு மேல் எடுக்கவிடாமல் கட்டிவைத்தார்கள். மேலே போகப் போகக் காற்று மெலிந்து எந்த என்ஜினும் களைக்கும். சம்பளம் முழுவதையும் செலவழிக்காமல் சீட்டுக் கட்டி வைக்கும் குடும்பத்தைப் போல, கீழே தொடாமல் விட்ட அந்த 300 குதிரைத்திறன் மேலே கைகொடுக்கும். மற்ற ஹெலிகாப்டர்கள் திணறும் உயரத்திலும் சேத்தக்குக்கு அந்த 570 குறையாமல் கிடைக்கும்.

இந்திய ராணுவம் இன்னும் உயரம் கேட்டது. அதற்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் பழைய அலூவெத்-2இன் எடை குறைந்த கூட்டில் அலூவெத்-3இன் என்ஜினையும் ரோட்டாரையும் பொருத்தி 1969இல் 'லாமா'வை உருவாக்கினார்கள். நமக்கு அது 'சீட்டா'. 1972 ஜூனில் பிரெஞ்சு விமானி ழான் பூலே இதே லாமாவில் 12,442 மீட்டர் உயரத்தைத் தொட்டார். உச்சியில் என்ஜின் அணைந்துபோனது. கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுற்ற, அவ்வளவு உயரத்திலிருந்தும் என்ஜின் இல்லாமலே பத்திரமாக இறங்கினார்.

1971இல் வங்கதேச விடுதலைப் போருக்காக திமாப்பூரில் உருவான 'கிலோ ஃபிளைட்' என்ற குட்டிப் படையில் மூன்றே வகை விமானங்கள். அவற்றில் ஒன்று ராக்கெட் பொருத்திய ஓர் அலூவெத்-3. டிசம்பர் 3ஆம் தேதி இரவு நாராயண்கஞ்ச் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியது அதுதான். 1984 ஏப்ரலில் சியாச்சினில் முதல் வீரர்களைப் பிலாஃபோண்ட் லா கணவாயில் கொண்டுபோய் இறக்கியவை சீட்டாக்கள். இன்றும் அங்குள்ள உச்சிக் காவல் நிலைகளுக்கு அவைதான் உயிர்நாடி. இறங்கும் இடம் ஒரு மேசையளவு தளம். ரோட்டாரை நிறுத்துவதில்லை. சீட்டாவின் சறுக்குக் கால் பனியைத் தொட்ட கையோடு மண்ணெண்ணெய் கேனை இறக்குவார்கள், உறைபனிக் காயத்தோடு இருக்கும் வீரரை ஏற்றுவார்கள், ஹெலிகாப்டர் கிளம்பிவிடும். மிக உயர்ந்த நிலைகளில் ஒரு நடைக்கு ஏற்றக்கூடிய சுமை சில பத்து கிலோதான்.

அறுபதாண்டுகளாக சேத்தக்கை விடாமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் எளிமை. அதன் என்ஜினுக்கு மூடி கிடையாது. ரோட்டாருக்குப் பின்னால், முதுகின் மேல் திறந்தபடி கிடக்கிறது. மெக்கானிக் பக்கத்தில் ஏறி நின்று ஒவ்வொரு குழாயையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சரிபார்க்கலாம். விமானி உட்பட ஏழு பேர் உட்காரலாம், அல்லது இரண்டு ஸ்ட்ரெச்சர்களை ஏற்றலாம். சின்னக் கப்பலின் தளத்திலும் இறங்கும். ஹெச்.ஏ.எல். முந்நூறுக்கும் மேல் தயாரித்ததால் உதிரிபாகமும் பழகிய கைகளும் நாட்டிலேயே கிடைத்தன.

அன்று புதுமை என்று வாங்கியதை இன்று பழமை என்று பிற நாடுகள் பல ஓரம்கட்டிவிட்டன. நெதர்லாந்து 2016இலும் போர்ச்சுகல் 2020இலும் அலூவெத்-3க்கு விடைகொடுத்தன. நாம் 2022 ஏப்ரலில் ஹைதராபாத் அருகே ஹக்கிம்பேட்டையில் சேத்தக்குக்கு வைரவிழா எடுத்தோம். விழா எடுத்ததில் தவறில்லை. ஆனால் அந்த ஹெலிகாப்டர் அடுத்த நாளும் வேலைக்குப் போனது.

முள் காட்டும் கடிகாரக் கருவிகள், ஒரே ஒரு என்ஜின், தானியங்கிக் கட்டுப்பாடு இல்லை, வானிலை ரேடார் இல்லை. மேகம் சட்டென்று மூடும் மலைப் பள்ளத்தாக்கில் இவை எல்லாம் உயிர்ப் பிரச்சினை. அருணாசலத்திலும் காஷ்மீரிலும் சீட்டா விழுந்து விமானிகள் இறந்த செய்தியை மாற்றி மாற்றிப் படித்துவிட்டோம். மாற்று தேடும் முயற்சியும் இழுத்துக்கொண்டே போகிறது. வெளிநாட்டு ஹெலிகாப்டர்கள் வாங்கும் டெண்டர் 2014இல் ரத்தானது. ரஷ்யாவின் காமோவ்-226 திட்டம் பேச்சுவார்த்தையிலேயே தேங்கியது. ஹெச்.ஏ.எல். வடிவமைத்த இலகு ரக ஹெலிகாப்டர் 2016இல் பறந்துவிட்டது, 2023இல் தும்கூருவில் அதற்கான ஆலையும் திறந்துவிட்டது. ஆனாலும் படைகளின் கைக்குப் போதிய எண்ணிக்கையில் அது வந்து சேரவில்லை.

சேத்தக் நல்ல வண்டி. அதன் நல்ல குணமே நம்மை அசட்டையாக இருக்க வைத்துவிட்டது. இன்னும் ஓடுகிறதே என்ற நிம்மதியில் மாற்று வாங்குவதை இருபது ஆண்டுகள் தள்ளிப்போட்டோம். அதன் பெருமையைப் பேசும்போது ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வடிவமைப்புக்கு வயது 65க்கு மேல், அதை ஓட்டப் பழகுகிறவருக்கு 25கூட இல்லை.