ஆச்சிக்குக் கட்டுக் கணக்கு தப்பும்போது

தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூர், ஆலங்குளம், கீழப்பாவூர் பக்கம் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் பெண்களை இன்றும் திண்ணைதோறும் பார்க்கலாம். இலை நறுக்குவது, தூள் வைத்துச் சுருட்டுவது, நூல் கட்டுவது எல்லாம் கைப்பழக்கத்திலேயே நடந்துவிடும். எண்ணிக் கட்டும் இடத்தில்தான் மூளை விழித்திருக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. பல வருஷம் சுற்றிய ஆச்சி திடீரென்று ஒரு கட்டில் குறைத்தும் இன்னொன்றில் கூட்டியும் வைக்கத் தொடங்கினால், "அயத்துப் போச்சு, வயசாகுதுல்லா" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லில் இரண்டு மூன்று வருஷம் வீணாகிறது.

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது யாருக்கும் வரும். தினமும் செய்த வேலையின் வரிசை குழம்புவது, வழக்கமான தெருவில் வழி தப்புவது, கேட்டதையே ஐந்து நிமிஷத்தில் மறுபடி கேட்பது, சாந்தமானவர் காரணமில்லாமல் சந்தேகப்படுவது, இவையெல்லாம் மறதி நோயின் அடையாளமாக இருக்கலாம். 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் அதிகம். சிறு வயதிலேயே படிப்பை விட்டுச் சுளகைக் கையில் எடுத்த பெண்கள் வாழும் தென்காசி மாவட்டத்துக்கு இதைவிட நெருக்கமான செய்தி கிடையாது.

ஆறுதலும் உண்டு. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் இந்நோயின் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, உடல் பருமன், அசையாத உடம்பு, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, படிப்பின்மை, தலைக்காயம், காது மந்தம், பார்வைக் குறை ஆகியவையே அந்தப் பதினான்கு.

இவற்றில் நாம் கொஞ்சமும் பொருட்படுத்தாதவை காதும் கண்ணும். காது கேளாதவர் முதலில் பேச்சைக் குறைக்கிறார். பிறகு கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறார். மூளைக்குப் போகும் தீனி நின்றுபோகிறது. அந்தக் குழுவின் கணக்கில், காது மந்தமும் கெட்ட கொழுப்பும்தான் தலா 7 சதவீதத்துடன் முதலிடத்தில் நிற்கின்றன. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்ததாக 2022-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. "இந்த வயசில் எதுக்கு ஆபரேஷன்" என்று தாத்தாவின் புரையைத் தள்ளிப்போடும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

பிரஷரும் சர்க்கரையும் கெடுப்பது மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை. அது நாற்பது, ஐம்பது வயதிலேயே சத்தமில்லாமல் தொடங்கிவிடும். ஆகவே அறுபதில் வல்லாரையைத் தேடுவதைவிட நாற்பதில் பிரஷர் மாத்திரையை விடாமல் போடுவதே நல்ல காப்பு என்பேன். பின்லாந்தில் 1,260 முதியவர்களை வைத்து நடந்து, 2015-இல் முடிவு வெளியான ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக் குழாய்க் கவனிப்பு நான்கும் சேர்ந்தால் இரண்டே வருஷத்தில் சிந்தனைத் திறன் தேறுவதைக் காட்டியது.

குற்றாலத் தண்ணீர் தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை இங்கே பழையது. அருவி மறதி நோயைத் தீர்க்காது. ஆனால் சாரல் காலத்தில் நாலு பேரோடு பேசிக்கொண்டு ஐந்தருவிப் பாதையில் நடப்பது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. வழுக்குப் பாறையில் பெரியவர்களைக் கைப்பிடித்து நிறுத்துங்கள். தலையில் அடிபடுவதும் அந்தப் பதினான்கில் ஒன்று. நோய் ஏற்கெனவே இருப்பவரை சீசன் கூட்டத்துக்குக் கூட்டிப்போனால், சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள்.

சந்தேகம் வந்தால் முதல் வேலை ரத்தப் பரிசோதனை. பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் இவையும் மறதியைக் கொண்டுவரும். இவை பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. உண்மையான மறதி நோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இன்னும் இல்லை. கிடைக்கும் மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும். மற்றதெல்லாம் பராமரிப்புதான், அந்தப் பாரம் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள் ஒருத்தியின் தலையில் விழுகிறது. கேரளத்தில் இந்தக் குடும்பங்களுக்காக 1992-லேயே ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற சங்கம் பிறந்தது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற அமைப்பும் இக்குடும்பங்களுக்குத் துணை நிற்கிறது. அந்த உதவி தென்காசிக் கிராமங்கள் வரை வந்து சேர வேண்டும்.

அதற்கான கால்கள் அரசிடம் ஏற்கெனவே உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதே வாசலில் நினைவு பற்றியும் காது பற்றியும் நாலு கேள்வி கேட்கப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்பதே அரசுக்கு வைக்கும் கோரிக்கை. வீட்டில் இருப்பவர்களுக்கு: ஆச்சியின் கணக்கு தப்பினால் இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.