சென்னையா, கோவையா?

பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவரைப் பார்த்து, "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்பவர் பலர். "எந்த ஊரில் வாழப் போகிறாய்?" என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆனால் இரண்டாவது வினா முதல் வினாவைவிடச் சிறியதன்று. படிப்பு மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். படிக்கச் சென்ற ஊரிலேயே வேலை, வேலை கிடைத்த ஊரிலேயே வீடு, வீடு அமைந்த ஊரிலேயே மக்கள் என்று வாழ்க்கை வேரூன்றிவிடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

என் ஊர் ராயகிரி. சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே, மலையடிவாரத்தில், வயல்களும் குளங்களும் சூழ்ந்த சிற்றூர். எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு முன்னால் இரண்டு பெருவழிகள் உண்டு. சங்கரன்கோவிலில் இரவு வண்டி ஏறினால் விடியற்காலையில் சென்னை. இராசபாளையம், மதுரை வழியாகப் பேருந்தில் சென்றால் கோவை. நான் இரண்டு வழிகளிலும் போனவன். சென்னையில் எட்டு ஆண்டுகளும் கோவையில் பதினோர் ஆண்டுகளும் குடியிருந்தவன். எந்த நகரம் சிறந்தது என்று தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ஒரு நகரத்தை வாழுமிடமாக எப்படி எடைபோடுவது என்பதை விளக்கவே விரும்புகிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, சுற்றுப்புறங்களையும் சேர்த்துச் சென்னையில் ஏறத்தாழ 86 லட்சம் பேர் வாழ்ந்தனர். கோவையில் 21 லட்சம் பேர். சென்னை நான்கு மடங்கு பெரியது. பெருமையும் தொல்லையும் அங்கே நான்கு மடங்கு என்று எண்ணிவிடலாகாது. இரண்டு நகரங்களும் வெவ்வேறு காரணங்களால் வளர்ந்தவை. அக்காரணங்களே இன்றும் அவற்றின் குணத்தை வகுக்கின்றன.

சென்னை கடலால் வளர்ந்தது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மணற்கரையில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டினர். கோட்டையைச் சுற்றி வணிகமும், வணிகத்தைத் தொடர்ந்து ஆட்சியும் பெருகின. 1857இல் பல்கலைக் கழகமும், 1862இல் உயர்நீதிமன்றமும் தோன்றின. தலைநகரம் ஆகையால் அலுவலகங்கள் குவிந்தன. 1955இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியது. 1990களுக்குப் பின் மோட்டார்க் கார்த் தொழிலும் கணிப்பொறித் தொழிலும் பெருகின.

கோவையின் கதை வேறு. அதற்குத் துறைமுகம் இல்லை. தலைநகர் என்னும் தகுதியும் இல்லை. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் நிலம் இருந்தது. 1888இல் முதல் நூற்பாலை எழுந்தது. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரம் பழுதுபட்டால் அதைச் செப்பனிடப் பட்டறைகள் தோன்றின. செப்பனிடக் கற்ற கை புதிதாகச் செய்யவும் கற்றது. ஆழ்கிணற்றை நம்பிய உழவருக்கு நீர் இறைக்கும் பம்பும் மோட்டாரும் வேண்டியிருந்தன. அவற்றையும் கோவையே செய்தது. நம் வீட்டில் மாவரைக்கும் கிரைண்டரும் அந்தப் பட்டறை மரபில் வந்ததுதான். ஒரு தேவை மற்றொரு தொழிலைப் பெற்றெடுக்கும் முறைக்கு இந்நகரம் சிறந்த பாடம்.

இவ்வேறுபாட்டால் வேலை தேடுவோர்க்கு என்ன பயன்? சென்னையில் தொழில்வகைகள் மிகப் பல. அரசுப் பணி, சட்டம், மருத்துவம், பத்திரிகை, திரைப்படம், துறைமுகம், கணிப்பொறி என எதை விரும்பினாலும் இடமுண்டு. ஒரு வேலை போனால் அதே நகரில் மற்றொன்று தேடலாம். கோவையில் வகைகள் குறைவு. ஆனால் கைத்தொழில் அறிந்தவனுக்கு அங்கே தனி மதிப்புண்டு. சிறிய பட்டறையில் தொழிலாளியாகச் சேர்ந்து, பின்னர்ச் சொந்தப் பட்டறை வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2008ஐ ஒட்டித் தொடங்கிய மின்வெட்டுக் காலத்தில் கோவையின் சிறுதொழில்கள் பெரிதும் அடிபட்டன. ஒரு நகரம் ஒருசில தொழில்களை நம்பியிருந்தால், அத்தொழில்களின் நோய் ஊர் முழுவதையும் பற்றும்.

இனித் தண்ணீரைப் பார்ப்போம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கோவையில் பெய்வது அதில் பாதியளவே. அப்படியானால் சென்னையில் அன்றோ நீர் பெருகி இருக்க வேண்டும்? உண்மை அவ்வாறு இல்லை. சென்னையின் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளே நெடுங்காலமாக அதன் களஞ்சியம். அந்தக் குறுகிய பருவம் பொய்த்தால் ஏரிகள் வற்றும். மிஞ்சிப் பெய்தால் நகரம் மூழ்கும். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தத்தளித்த சென்னைக்கே, 2019 ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. அதனால்தான் கிருஷ்ணா நீரும் வீராணம் நீரும் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டன. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் அமைந்தன.

கோவைக்குள் மழை குறைவு. ஆனால் அதன் மேற்கே நிற்கும் மலையில் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்கிறது. சுவைக்குப் பெயர்பெற்ற சிறுவாணி நீரும், பவானி ஆற்றுப் பில்லூர் அணை நீரும் அங்கிருந்து வருகின்றன. மலை ஒரு பெருந்தொட்டி. நகரம் அதன் குழாயடி. எனினும் சிறுவாணி அணை கேரள எல்லைக்குள் உள்ளது. தென்மேற்குப் பருவம் பொய்த்தால் கோவைக்கும் தாகம் உண்டு. நகரின் ஓரமாக ஓடும் நொய்யலோ கழிவுநீரால் நலிந்து கிடக்கிறது. ஆகவே ஓர் ஊரில் எவ்வளவு மழை பெய்கிறது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், குடிக்கும் நீர் எந்த மலையிலிருந்து, எந்தப் பருவத்தில், யாருடைய எல்லை கடந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும்.

தட்பவெப்பத்திலும் இதே மலைதான் கோவைக்குத் துணை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே இடைவெளி விடுகிறது. அதன் வழியே மேல்காற்று வீசுகிறது. இது எங்கள் பக்கத்தாருக்குப் புதுமையன்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றும் குற்றாலச் சாரலும் ஆனி, ஆடியில் எங்களைக் குளிர்விப்பது போன்றதே அது. கோவை கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் உயரத்தில் இருப்பதும் ஒரு காரணம். சென்னையிலோ கோடையில் வெப்பத்தோடு கடலின் ஈரமும் சேர்ந்துகொள்ளும், வியர்வை உலராது. மாலையில் வீசும் கடற்காற்றே அந்நகரத்தாருக்குக் கிடைக்கும் பரிசு.

அடுத்து, காலமும் பணமும். ஒருவன் சென்னையில் 25,000 ரூபாயும், அதே வேலைக்குக் கோவையில் 20,000 ரூபாயும் பெறுவதாக வைத்துக்கொள்வோம். ஐயாயிரம் மிச்சம் என்று ஊரில் பெற்றோர் மகிழ்வர். சென்னையில் வாடகை கூடுதல், முன்பணமும் கூடுதல். வாடகை குறைந்த புறநகருக்குச் சென்றால் பயணம் நீளும். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால், மாதம் 25 வேலை நாளுக்கு 50 மணி நேரம்; ஆண்டுக்கு 600 மணி நேரம். அதாவது இரவும் பகலுமாக முழுமையாக 25 நாட்கள் வழியிலேயே கழிகின்றன. மின்சார இரயிலும், 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ இரயிலும் இச்சுமையைக் குறைக்கின்றன. கோவையில் தொலைவு குறைவு. ஆனால் பேருந்தையும் சொந்த வண்டியையும் விட்டால் வேறு வழி குறைவு. சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவது கணக்கின் ஒரு வரியை மட்டும் படிப்பதாகும்.

மாணவர்களுக்கு இன்றியமையாத கல்வியில் இரண்டும் தாழ்ந்தவை அல்ல. சென்னையில் கிண்டிப் பொறியியற் கல்லூரியும் 1835இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பெரு நூலகங்களை அங்கே கட்டணமின்றி அமர்ந்து பயன்படுத்தலாம். ஏழை மாணவனுக்கு இது பெருஞ்செல்வம். கோவையில் வேளாண்மைப் பல்கலைக் கழகமும், 1912இல் தோன்றிய கரும்பு ஆராய்ச்சி நிலையமும், 1945இல் தோன்றிய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. நிலத்தையும் இயந்திரத்தையும் பயில்வோர்க்கு அது இயல்பான இடம்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஊரில் தெருவின் பெயரைச் சொன்னாலே ஒருவருடைய சாதி தெரிந்துவிடும். பலர் நகரத்தை நாடுவதற்குக் கூலி மட்டும் காரணமன்று. தெருவின் பெயரால் அறியப்படாமல் தன் பெயரால் அறியப்பட வேண்டும் என்ற ஆவலும் காரணம். பெருநகரின் கூட்டம் இவ்விடுதலையை ஓரளவு தருகிறது. இவ்வகையில் சென்னை ஒருபடி முன்னே நிற்கிறது என்பது என் கருத்து. ஆனால் வாடகை வீடு தேடும்போது, இரு நகரங்களிலும் நான் பழைய கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கக் கேட்டிருக்கிறேன். கோவையில் "ஏனுங்க" என்னும் மரியாதையுடன் கேட்டார்கள், சென்னையில் "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார்கள். கேள்வி ஒன்றே.

ஆகவே மாணவர்களே, ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு வினாக்களைக் கேளுங்கள். இங்கே என் தொழிலுக்கு எத்தனை வாயில்கள் உண்டு? நான் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? என் நாளில் எத்தனை மணி நேரம் எனக்கென்று மிஞ்சும்? இங்கே நான் மனிதனாக மதிக்கப்படுவேனா? பல துறைகளை நாடுவோருக்கும், இன்னும் தம் வழியைத் தேர்ந்து தெளியாதவருக்கும் சென்னையையே கூறுவேன். கைத்திறனை நம்புவோருக்கும், குறைந்த முதலில் சொந்தத் தொழில் நாடுவோருக்கும் கோவையைக் கூறுவேன். பிறர் போனார்கள் என்பதற்காக மட்டும் எந்த வண்டியிலும் ஏறாதீர்கள். நான்கு வினாக்களுக்கும் உங்கள் விடையை எழுதிப் பார்த்து, அதன் பிறகு பயணச் சீட்டு வாங்குங்கள்.