உங்களுக்குத் தெரியுமா? சவம் சொன்ன ஹாஸ்யம்

சென்னை வடபழனியிலிருந்துதான், 1947-இல் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’ என்னும் இதழ் பல்லாண்டுக் காலம் வெளிவந்து, பாலர்களைப் பயத்தாலும் சிரிப்பாலும் ஒருங்கே வசீகரித்தது.

அவ்விதழில் ஓவியர் சங்கர் (1924–2020) தீட்டிய விக்கிரமாதித்தனைச் சற்று உற்று நோக்குங்கள்: கையிலே உருவிய வாள், தோளிலே தொங்கும் பிரேதம், சுற்றிலும் மயானத்தின் பயங்கரம், ஆயினும் அரசன் முகத்தில் அச்சத்தின் சாயல்கூட இல்லை.

ஹாஸ்யமோ இன்னும் சூக்ஷ்மமானது. சுமக்கிறவன் மௌனமாயிருக்க, வேதாளம் குடிகொண்ட, சுமக்கப்படும் சவமே அவன்மீது இரக்கப்பட்டு, வழிக்களைப்புத் தீரக் கதை சொல்லி, விடை தெரிந்தும் கூறாவிடில் தலை வெடித்துச் சிதறும் என்று மிரட்டி, அவன் வாய் திறந்த மறுகணமே முருங்கை மரத்துக்குப் பறந்துவிடுகிறது!

1950-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்’ என்னும் திகில் சித்திரக்கதை இதழிலும், விகார ரூபம் கொண்ட கல்லறைக் காவலன் ஒருவன் பரிகாசம் பேசியே கதை சொன்னான். நம் வேதாளமோ புராதன வடமொழிக் கதைகளிலேயே அந்த வித்தையைக் கற்றிருந்தது.

அரசனையும் வேதாளத்தையும் தீட்டிய சங்கருக்கு, அவர் மறைவுக்குப் பின், 2021-இல், பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.