முப்பத்தெட்டு வயதில் கடைசி ஓவர்

சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படி. ஏறும்போது மூச்சுதான் வாங்கும்; முட்டி கணக்குக் கேட்பது இறங்கும்போது. ஒவ்வொரு படியிலும் உடம்பின் கனத்தைத் தொடைத்தசை பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். 2024 முதல் ரோப் கார் ஓடுவதால் பலர் தப்பிக்கிறார்கள்.

பந்து வீசுகிறவருக்கு ரோப் கார் கிடையாது. ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. வயது ஏற ஏற, சட்டென்று சுருங்கி விசை தரும் தசை இழைகள்தான் முதலில் மெலியும். காயம் ஆறவும் நாளாகும்.

அப்படிப்பட்டவரைக் கோடி கொடுத்து எடுக்கலாமா? அமெரிக்க பேஸ்பாலில், ஆட்டத்தின் கடைசியில் இறக்கப்படும் ரிலீஃப் பிட்சரை வைத்து ஆண்டுதோறும் இதே வழக்கு. நமக்குச் சேப்பாக்கமே போதும். 2022 ஐபிஎல் ஏலத்தில் சென்னை அணி டுவைன் பிராவோவை 4.40 கோடிக்கு எடுத்தபோது அவருக்கு வயது 38. 10 ஆட்டம், 16 விக்கெட். 2024 நவம்பரில் சுழற்பந்து வீச்சாளர் அஸ்வினை 9.75 கோடிக்கு எடுத்தபோது அவருக்கும் 38. 9 ஆட்டம், 7 விக்கெட். இருவருக்கும் அதுவே கடைசி ஐபிஎல். சுழலுக்கு வயதில்லை என்று டீக்கடையில் அடித்துப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

சிக்கல் எண்களிலும் இருக்கிறது. 14 லீக் ஆட்டம், ஆட்டத்துக்குக் கடைசிக் கட்டத்தில் 2 ஓவர் என்றால் சீசன் முழுக்க 168 பந்துதான். 28 ஓவரில் 224 ரன் கொடுத்தவரின் எகானமி 8. ரன்னே வராத மூன்று பந்து விளிம்பில் பட்டு சிக்ஸருக்குப் பறந்திருந்தால் 242 ரன், எகானமி 8.64. ஆள் அதே ஆள்தான். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கித் திரும்புவதை 1886இல் பிரான்சிஸ் கால்ட்டன் எழுதினார். அமோகமான சீசனுக்கு அடுத்த சீசனும் பெரும்பாலும் அப்படித்தான் சராசரிக்குத் திரும்பும். ஏலத் தொகையோ அமோகத்தைப் பார்த்தே ஏறுகிறது.

பிராவோவின் ஆயுதம் மெதுவான பந்து. அதற்கு வேகம் எதற்கு என்று தோன்றும். ஆனால் மட்டையாளர் ஏமாறுவது இடைவெளியால். 135 கிலோமீட்டரில் ஒன்று வந்துவிட்டு 112இல் அடுத்தது வந்தால் மட்டை முன்னதாகவே சுழன்றுவிடும். 135 என்பது 126 ஆகிவிட்டால், அதே 112 பந்து, அதே விரல், அதே மணிக்கட்டு, சிக்ஸர்.