முகவரி கிடைக்காத சர்வர்கள்

(கணினிப் பொறியியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)



எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா விசைத்தறித் தொழிலாளி. பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் கிடையாது. அதனாலேயே, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு எப்போதும் ஒரு வெட்கம். அந்த வெட்கம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும், அதில் நான் கற்ற பாடத்தையும் எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் இன்பிளான்ட் டிரெய்னிங் போயிருந்தேன். அங்கே 12 சர்வர்களுக்கு டெபியன் லினக்ஸ் ஏற்றும் வேலை. எல்லாம் நெட்வொர்க் வழியாகத் தானே நடக்கும், பக்கத்தில் ஆளே வேண்டாம் என்றார்கள். ஆனால் ஒவ்வொரு சர்வரும் பாதியில் நின்று, "நெட்வொர்க் ஆட்டோகான்ஃபிகரேஷன் ஃபெயில்டு" என்றது. முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

சூப்பர்வைசர் சார் கேட்டதும், "நெட்வொர்க் கார்டு பழுது சார்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவரும் கார்டுகளைத் திருப்பி அனுப்பத் தயாரானார். பக்கத்தில் இருந்த சீனியர் அண்ணன் மட்டும், "எதைப் பார்த்துடா சொல்றே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. "தெரியலைண்ணே" என்றேன். "அப்ப வா, பார்ப்போம்" என்றார்.

முகவரி எப்படிக் கிடைக்கிறது?

முகவரி கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். நான்கே வசனம்தான். "முகவரி கொடுக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று புது மெஷின் எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். இது டிஸ்கவர். "இந்த எண் காலியா இருக்கு" என்பது ஆஃபர். "அதையே கொடுங்க" என்பது ரெக்வெஸ்ட். "சரி, இத்தனை நேரத்துக்கு உனக்குத்தான்" என்பது அக்னாலெட்ஜ். கொடுப்பவர் 67-ஆம் போர்ட்டிலும் வாங்குபவர் 68-ஆம் போர்ட்டிலும் பேசிக்கொள்கிறார்கள்.

நம்மில் பலர் கவனிக்காத விஷயம், தானியங்கி நிறுவலில் இந்தப் பேச்சு இரண்டு முறை நடக்கிறது என்பது. முதலில் கார்டுக்குள் இருக்கும் பி.எக்ஸ்.இ. நிரல் முகவரி வாங்கி, கெர்னலை இறக்குகிறது. பிறகு கெர்னல் எழுந்து, கார்டைப் புதிதாகத் தொடக்கி, மறுபடியும் முகவரி கேட்கிறது. எங்கள் சர்வர்களில் முதல் முறை கிடைத்தது. இரண்டாம் முறை கிடைக்கவில்லை. கார்டு பழுது என்றால் முதல் முறை எப்படிக் கிடைத்திருக்கும்? என் தீர்ப்பு அங்கேயே உடைந்தது.

இரண்டு பக்கமும் கேட்டோம்

நிறுவலின்போது ஆல்ட், எஃப்4 அழுத்தினால் லாக் திரை வரும். அதில் டிஸ்கவர் போய்க்கொண்டிருந்தது. மறுமுனையில், டி.எச்.சி.பி. சர்வரில் டிசிபிடம்ப் ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை. அனுப்பியாச்சு, ஆனால் சேரவில்லை. அப்படியானால் குற்றவாளி நடுவில்! சுவிட்சைப் போய்ப் பார்த்தோம். அந்தப் போர்ட்டின் விளக்கு அரை நிமிடம் ஆரஞ்சாக இருந்து, பிறகுதான் பச்சையானது. பச்சையான பின் 'ரீட்ரை' கொடுத்ததும் முகவரி உடனே கிடைத்தது!

காரணம் ஸ்பானிங் ட்ரீ. சுவிட்சுகளுக்கு இடையே வளையம் உண்டாகி நெட்வொர்க் மூச்சுத் திணறாமல் இருக்க, ரேடியா பெர்ல்மன் அம்மையார் 1985-இல் உருவாக்கிய முறை. இதன் பழைய வடிவத்தில், ஒரு போர்ட் உயிர் பெற்றதும் 15 விநாடி கவனிக்கும், 15 விநாடி கற்கும், அதுவரை எதையும் கடத்தாது. பி.எக்ஸ்.இ. 4, 8, 16, 32 விநாடி என்று மொத்தம் ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்கிறது, அதனால் தப்பித்தது. கெர்னல் கார்டைத் தொடக்கியதும் இணைப்பு ஒருமுறை அறுந்து சேர்ந்தது. 30 விநாடிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். நிறுவல் நிரலோ அதற்குள் கைவிட்டுவிட்டது.

சர்வர் மாட்டிய போர்ட்டுகளில் மட்டும் 'போர்ட்ஃபாஸ்ட்' போட்டோம். தீர்ந்தது. சுவிட்சும் சுவிட்சும் சேரும் போர்ட்டில் இதைப் போடவே கூடாது. வளைய ஆபத்து உண்டு.

சுவிட்சைத் தொட அனுமதி இல்லையென்றால் டைம்-அவுட்டைக் கூட்டலாம். ஆனால் அதை நெட்வொர்க்கிலிருந்து இறங்கும் ப்ரீசீட் கோப்பில் எழுதினால் பயனில்லை. முகவரி கிடைத்தால்தானே அந்தக் கோப்பே வந்து சேரும்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். கெர்னல் பூட் வரியிலேயே கொடுக்க வேண்டும்.

வேறு காரணங்கள்

1. இரண்டு கார்டு இருந்து, கேபிள் ஒன்றிலும் கேள்வி இன்னொன்றிலும் போவது.
2. கார்டுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமை.
3. கொடுக்க வைத்திருந்த முகவரிகள் தீர்ந்துபோவது.
4. யாரோ மாட்டிய ரவுட்டர் இன்னொரு டி.எச்.சி.பி. ஆக முந்திக்கொண்டு பதில் சொல்வது.
5. டி.எச்.சி.பி. சர்வர் வேறு வி-லேனில் இருப்பது. கூவல் ரவுட்டரைத் தாண்டாது, ரிலே வேண்டும்.

அன்று மாலைக்குள் 12-ம் முடிந்தது. கார்டுகள் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "தறி நிக்கிறது ஒரு எடம், இழை அறுந்தது ஒரு எடம். நாங்க தினமும் பார்க்கிறதுதானடா" என்றார்.

வீட்டில் கேட்க ஆள் இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், நண்பர்களே!