போதகர் லவுரியும் ஓய்வுநாள் பள்ளிப் பாடல்களும்

ஞாயிறுதோறும் சிறுவர்களுக்கு வேதக்கதையும் பாட்டும் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளி, இன்று மலேசியாவின் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் உள்ள கிறிஸ்தவர்களுக்குப் பழகிய ஏற்பாடாக இருப்பினும், தொடக்கத்தில் அது எழுத்தறிவிக்கும் பள்ளியாகவும் இருந்தது. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் செய்தித்தாள் நடத்திவந்த ராபர்ட் ரெய்க்ஸ், வாரத்தின் ஆறு நாளும் வேலைசெய்த ஏழைச் சிறுவர்கள் ஏழாம் நாளிலாவது வாசிக்கக் கற்கட்டும் என்று 1780இல் தொடங்கிய இம்முயற்சி, அமெரிக்காவில் வேரூன்றியபின் தனக்கென ஒரு பாடல் வகையையே ஈன்றெடுத்தது. அவ்வகையை வளர்த்தவர்களுள் முன்னிற்பவர் பாப்டிஸ்ட் போதகரான ராபர்ட் லவுரி.

பாப்டிஸ்ட் சபையினர் கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் வயதை எட்டியவரை நீரில் முழுக்கி எடுப்பதே அவர்களுடைய முறை. ஆகவே பிறப்புக்கும் முழுக்குக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு ஓய்வுநாள் பள்ளியின்மேல் விழுந்தது எனலாம். பினாங்கில் 1954 முதல் இச்சபைக்கு இறையியல் கல்லூரி ஒன்று இருந்துவரினும், மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவர்களுள் கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபையினரே மிகுதி என்பதால் இவ்விளக்கம் தேவைப்படுகிறது.

1826இல் பிலடெல்பியாவில் பிறந்த லவுரி, 1854இல் லூயிஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, நியூயார்க், புரூக்ளின் முதலிய இடங்களில் போதகராகவும், பின்னர் தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராகவும் பணியாற்றினார். ஓய்வுநாள் பள்ளிப் பாடல்களின் முன்னோடியான வில்லியம் பிராட்பரி 1868இல் மறைந்தபின், பதிப்பாளர்கள் அவருடைய இடத்துக்கு லவுரியை அழைத்தனர். மரவேலை இயந்திரங்கள் செய்யும் தொழிலதிபரான வில்லியம் டோனுடன் சேர்ந்து அவர் தொகுத்த ‘பிரைட் ஜுவல்ஸ்’ (1869), ‘ப்யூர் கோல்ட்’ (1871) போன்ற நூல்கள் பள்ளிதோறும் பரவின.

அவருடைய பாடல்களில் பெரும்புகழ் பெற்றது ‘ஷால் வீ கேதர் அட் த ரிவர்’. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864இன் கோடையில், புரூக்ளினில் நோயும் சாவும் மலிந்திருந்த வேளையில், வெளிப்படுத்தின விசேஷத்தின் இறுதி அதிகாரத்தில் வரும் ஜீவநதியை எண்ணி அவர் இதை எழுதியதாகக் கூறுவர். நதிக்கரையில் மீண்டும் சந்திப்போமா என்னும் வினாவை முதல் சரணம் எழுப்ப, ஆம் என்னும் விடையைக் கூட்டமாகப் பாடும் மறுபாட்டு அளிக்கிறது. சரணங்களை மறந்த பிள்ளையும் மறுபாட்டில் சேர்ந்துகொள்ளலாம் என்பதே இவ்வமைப்பின் நுட்பம். தம்மை முதலில் பிரசங்கியாகவே கருதிய லவுரியோ, அணிவகுப்பு நடை கொண்ட இம்மெட்டைப் பெரிதாக மதிக்கவில்லை. பேண்டு வாத்திய இசை என்றே அதைச் சொல்லிவந்தார். அவர் தீர்ப்பை ஏற்க இயலாது. துயரமான பொருளைப் பிள்ளைகள் தளராமல் பாட முடிந்ததற்கு அந்த நடையே காரணம்; ஆரன் கோப்லாண்ட் போன்ற பெரிய இசையமைப்பாளரும் 1952இல் அதை மேடைக் கச்சேரிக்காக அமைத்தார்.

எல்லோரையும் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் இப்பணியைத் தமிழ்ச் சபைகளில் செய்தது கீர்த்தனை. மேல்நாட்டு மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் மட்டும் போதா என்று உணர்ந்த மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களைப் பெரிதும் சார்ந்து 1853இல் கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். கீர்த்தனையில் பல்லவி முதலில் ஒலித்து, ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் திரும்பி வரும். லவுரியின் மறுபாட்டோ சரணம் முடிந்த பிறகே பிறக்கும். எழுத்தறியாதவரையும் சிறுவரையும் பாட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் வேலையை இரண்டும் செய்தன. சாஸ்திரியார் மறைந்ததும் லவுரி தம் நதிப் பாடலை எழுதியதும் ஒரே ஆண்டில்தான், 1864இல். ஒருவரைப் பற்றி மற்றவர் அறிந்திருந்ததாகச் சான்று எதுவும் இல்லை.