ஆங்கிலத்தில் எதிர்காலத் திட்டங்களைக் கூறல்

ஆங்கில வினைச்சொற்களுக்கு எதிர்காலத்தைக் காட்டும் தனி உருபு இல்லை. தமிழில் "செய்வேன்" என்பதிலுள்ள வகர இடைநிலை போன்ற ஒன்று அம்மொழியில் கிடையாது. எனவே எதிர்காலத் திட்டங்களைக் கூற "வில்", "கோயிங் டு" ஆகிய அமைப்புகளும், தொடர் நிகழ்காலமும், எளிய நிகழ்காலமும் பயன்படுகின்றன. இவற்றுள் எது பொருந்தும் என்பது, நிகழ்வு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைவிட, அது எப்போது, எவ்வாறு முடிவானது என்பதையே பெரிதும் பொறுத்தது.

பயன்பாடு

"வில்" என்பதன் பழைய பொருள் விரும்புதல் ஆகும். பேசும் கணத்தில் எடுக்கும் முடிவுக்கும் வாக்குறுதிக்கும் ஊகத்திற்கும் இது ஏற்றது. தொலைபேசி ஒலித்தவுடன் "ஐ வில் ஆன்சர் இட்" என்பர்.

முன்னரே மனத்தில் கொண்ட எண்ணத்திற்கு "கோயிங் டு" வரும். செல்லுதலைக் குறித்த வினையே இங்கு எதிர்காலம் காட்டுகிறது. தமிழின் "செய்யப் போகிறேன்" என்பதும் இவ்வாறு உருவானதே. பிறருடன் பேசி ஏற்பாடு செய்துவிட்டவற்றுக்குத் தொடர் நிகழ்காலம் உரியது. "தே ஆர் கெட்டிங் மேரிட் இன் மே" என்றால் நாள் குறித்தாகிவிட்டது என்று பொருள்படும். மழையை எவரும் ஏற்பாடு செய்ய இயலாது. ஆதலால் "இட் இஸ் ரெய்னிங் டுமாரோ" என்பது பொருந்தாது, "இட் இஸ் கோயிங் டு ரெய்ன்" என்பதே சரி. கால அட்டவணைக்கு எளிய நிகழ்காலம்: "த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்".

1653இல் ஜான் வாலிஸ் தம் இலக்கண நூலில் தன்மைக்கு "ஷேல்", பிற இடங்களுக்கு "வில்" என விதித்தார். இன்றைய பேச்சில் இவ்விதி பெரும்பாலும் பின்பற்றப்படுவதில்லை.

தமிழர் எதிர்கொள்ளும் சிக்கல்

"-வேன்" என்பதற்கு நேர் "வில்" என்று மனனம் செய்தவர்கள் எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துவதுண்டு. சனிக்கிழமை விருந்துக்கு அழைத்தவரிடம் "ஐ வில் விசிட் மை அங்கிள்" என்று கூறினால், அழைப்பைத் தட்டிக்கழிக்க அப்போதுதான் காரணம் தேடியது போல் தொனிக்கக்கூடும். "ஐ ஆம் விசிட்டிங் மை அங்கிள்" என்பது முன்னரே ஏற்பாடானதைத் தெரிவிக்கும். உண்மையில் தமிழரும் இவ்விடத்தில் "மாமா வீட்டுக்குப் போகிறேன்" என நிகழ்காலத்திலேயே பேசுவர். மனப்பாட விதியைக் காட்டிலும் இவ்வழக்கே இங்கு நல்ல வழிகாட்டி.

"இஃப்", "வென்" எனத் தொடங்கும் நிபந்தனை, காலத் தொடர்களில் பொதுவாக "வில்" வராது. "வென் ஐ ரீச் சென்னை, ஐ வில் கால் யூ" என்பதில் முதல் வினை நிகழ்காலத்தில் உள்ளது. தமிழிலோ "சேர்ந்ததும்", "பெய்தால்" என இறந்தகால அடியே இவ்விடத்தில் வருகிறது.